‘பிரமை’ முத்திரை

ஒரு சத்தம் தன் காதில் விழவில்லை என்பதிலிருந்து அந்தச் சத்தமே இல்லை என்ற முடிவுக்கு வர ஒரு மனிதன் எத்தனை அடி நடக்க வேண்டும்? நாங்கள் பாம்புக்காது என்று அழைத்த மனிதர் இருபத்தாறு வருடமாக அந்தத் தூரத்தை ஒரே எட்டில் தாண்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் தடுக்கி விழவும் இல்லை. அதுதான் தொல்லை.

குடிநீர் அலுவலகத்தில் அவர் கசிவு ஆய்வாளர். நிலத்துக்கு அடியில் எந்தக் குழாய் உடைந்திருக்கிறது என்பதைத் தோண்டாமல் காதால் கண்டுபிடிப்பது வேலை. ஐந்தடி நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார். ஒரு முனை கூராக இருக்கும். மறுமுனையில் காதை வைக்கச் சின்ன மரக்கிண்ணம். கூர்முனையை வீட்டு வாசல் வால்வின் மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரும்புக் குழாயில் எங்கே கசிந்தாலும் அந்த இரைச்சல் இரும்பு வழியாகவே ஓடிவந்து கம்பியில் ஏறும். தரையில் அவர் கம்பியை வைத்ததே இல்லை. “தரை பொய் சொல்லும். மேல லாரி போனாலும் முனகும், பக்கத்து வீட்டுல மாவாட்டுனாலும் முனகும். இரும்பு பொய் சொல்லாது” என்பது அவர் கட்சி.

நான் அதே அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் இருந்தேன். அவர் நிரப்பிய படிவங்கள் என் மேசைக்கு வந்துதான் அடுக்குக்குப் போகும்.

படிவத்தின் கடைசிக் கட்டம் ‘முடிவு’. பழைய நாட்களில் அதில் ‘கசிவு உண்டு’ என்று எழுதுவார்கள், அல்லது ‘ஆய்வில் கசிவு காணப்படவில்லை’ என்று எழுதுவார்கள். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சங்கடம் இருந்தது. “காணலைன்னா நல்லாப் பாருங்க” என்று புகார் கொடுத்தவர் மறுவாரமே வந்து நிற்பார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இப்படி ஐந்து முறை வந்தார். தன் கட்டிலுக்கு அடியில் அருவி கொட்டுவதாகச் சொன்னார். கட்டிலுக்கு நேர் மேலே, மாடி வீட்டின் ஃபிரிட்ஜ் இருந்தது. ஐந்தாவது முறை பாம்புக்காது கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்லை எழுதினார்: பிரமை. ஆசிரியர் அதைப் படித்தார், மடித்துப் பையில் வைத்தார், போனார். பிறகு வரவே இல்லை.

இன்ஜினியருக்கு அது பிடித்துப்போயிற்று. ‘காணப்படவில்லை’ என்றால் கோப்பு திறந்தே கிடக்கும். ‘பிரமை’ என்றால் மூடிவிடும். ஒரு மாதத்தில் அந்தச் சொல்லுக்கு ரப்பர் முத்திரையே வந்துவிட்டது. நீல மை. அந்த முத்திரையைப் பாம்புக்காது தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொள்வார்.

அதன் பின் எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல் தெருநாய் மாதிரி எல்லா அறைக்குள்ளும் புகுந்து திரிந்தது. பல்வலி என்று ஸ்டோர்காரர் விடுப்புக் கேட்டால், “வலியா, பிரமையா? காட்டு, முத்திரை போடணும்” என்பார்கள். டீயில் சர்க்கரை இல்லை என்றால் டீக்காரர் சளைக்க மாட்டார்: “போட்டேன் சார். இனிக்கலைன்னா உங்களுக்குப் பிரமை.”

இந்தச் சொல்லைப் பற்றிப் புத்தகங்கள் நிறையப் பேசுகின்றன. இல்லாததை இருப்பதாகக் காண்பது ஒருவகை, இருப்பதை வேறொன்றாகக் காண்பது இன்னொருவகை என்று பிரித்துப் போகின்றன. அந்தப் பிரிவுகளைவிட, அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையே நான் கவனித்துவந்தேன். ‘உனக்குப் பிரமை’ என்கிறோம். ‘அவளுக்குப் பிரமை பிடித்திருக்கிறது’ என்கிறோம். தன்னைப் பற்றி என்றால், எல்லாம் முடிந்த பிறகு, ‘அன்றைக்கு அது என் பிரமை’ என்று சொல்ல முடிகிறது. ‘இதோ, இந்த நிமிடம் எனக்குப் பிரமை’ என்று சொன்ன மனிதனை நான் பார்த்ததில்லை. சொல்லத் தெரிந்துவிட்டால் அது கலைந்திருக்கும். ஆகவே அது எப்போதும், சத்தம் காதில் விழாதவன் விழுந்தவனுக்குக் கொடுக்கிற சொல்.

பாம்புக்காது கொடுப்பதில் தாராளம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்ப்பார், அப்புறம்தான் குழாயைப் பார்ப்பார். வாசலைத் தோண்ட வைத்துப் பழைய குழாயை ஓசியில் மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்களா, பக்கத்து வீட்டுக்காரர் மேல் உள்ள கடுப்பைத் தண்ணீர் மேல் ஏற்றுகிறார்களா என்று யோசிப்பார். அனேகமாக ஏதாவது இருக்கும். அவர் சந்தேகம் பலித்த வீடுகள் பல உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். “வருஷத்துக்கு வருஷம் ஜனங்களுக்குப் பிரமை கூடிட்டே போகுது” என்பார், படிவங்களை என் மேசையில் வைத்தபடி. நானும் தலையாட்டியிருக்கிறேன்.

தையல்காரம்மாவின் முதல் புகார் வந்தது அந்த நாட்களில்தான்.

குறுக்குத் தெரு ஒன்றில் இரண்டு மாடி வீடு. மேலே வீட்டுக்காரர் குடும்பம். கீழே பின்பக்கம் ஓர் அறை, ஒரு சமையலறை. அங்கே பன்னிரண்டு வருடமாகத் தையல்காரம்மா. கணவர் இல்லை. அறை முழுக்கத் துணி, நடுவில் கால்மிதி இயந்திரம், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அளவுக் காகிதங்கள். வீடும் அதுதான், கடையும் அதுதான். மருமகனுக்கு மருந்துக்கடை வைக்க அந்த அறை வேண்டும் என்று வீட்டுக்காரர் இரண்டு வருடமாக நச்சரித்துவந்தார். அந்தம்மா அசையவில்லை.

பாம்புக்காது வாசல் வால்வில் கம்பியை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. உள்ளே போய் விசாரித்தார்.

“எப்பம்மா சத்தம் வருது?”

“மெஷினை நிறுத்துனா வருது சார். மிதிச்சுக்கிட்டு இருக்கும்போது தெரியல.”

“மெஷின் சத்தம் காதுலயே தங்கியிருக்கும்மா. எனக்கும்தான் பஸ்ஸை விட்டு இறங்குனா அரைமணி நேரம் பஸ்ஸு ஓடிட்டே இருக்கும்.”

“பஸ்ஸு காதுல ஓடும் சார். இது காலுக்குக் கீழ ஓடுது.”

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வாய் நீளமான ஆள் என்று முடிவு கட்டினார். முத்திரை விழுந்தது.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது புகார். இந்த முறை அவர் வால்வின் அருகே நின்றபோது வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கிவந்து, “வெயில்ல நிக்கிறீங்களே சார், மேல வாங்க” என்று கூட்டிப் போனார். நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், காதருகே குனிந்து பேசினார்: “அந்தம்மாவுக்கு ஆறு மாசமாவே ஒரு மாதிரி சார். ராத்திரி பகல் பாக்காம சுவரைத் தட்டிப் பாக்குது. எங்களுக்கே பயமா இருக்கு.” பாம்புக்காது அவரையும் நம்பவில்லை, யாரையும் நம்பும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் டீயைக் குடித்துவிட்டு இறங்கிவந்ததை அந்தம்மா பார்த்துவிட்டார்.

“மேல போயிட்டு வர்றீங்களே, மேலயும் தண்ணி ஓடுதா சார்?”

“என்னம்மா பேச்சு இது?”

“பேச்சு இருக்கட்டும். இதப் பாருங்க.” துணி அளக்கிற ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். மீட்டர் நீளம். சமையலறை மூலையில் மண்டிபோட்டு, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டார். பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டு, “கடிச்சுப் பாருங்க. மண்டைக்குள்ள தண்ணி ஓடும்” என்றார்.

பாம்புக்காது சிரித்துவிட்டார். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் தரையில் மண்டிபோட்டு ஸ்கேலைக் கடிக்கச் சொன்னவர் யாருமில்லை. அலுவலகத்துக்கு வந்து நடித்தும் காட்டினார். நாங்களும் சிரித்தோம். முத்திரை இரண்டாவது முறை விழுந்தது. அடுத்த மாதம் மூன்றாவது முறை.

மூன்று படிவத்துக்கும் வீட்டுக்காரர் மனுப் போட்டு நகல் வாங்கினார். நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வாடகைத் தகராறு பார்க்கிற அலுவலகத்தில் அவற்றை இணைத்து ஒரு விண்ணப்பம் கொடுத்தார்: குடியிருப்பவர் மனநிலை சரியில்லாதவர், இல்லாத சத்தத்தைக் கேட்டு வீட்டைச் சேதப்படுத்துகிறார், அரசு அலுவலகமே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறது, காலி செய்ய உத்தரவிட வேண்டும். விசாரணைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தையல்காரம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பாம்புக்காது வெளியே போயிருந்தார். நகலை என் மேசையில் விரித்து, நீல எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இதுக்கு என்ன அர்த்தம் சார்?”

“கசிவு இல்லைன்னு அர்த்தம்மா.”

“அப்படின்னா தண்ணி இல்லைன்னு எழுதலாமே. இது தண்ணியப் பத்தி எழுதுன மாதிரி தெரியல. என்னைப் பத்தி எழுதுன மாதிரி இருக்கு.”

எத்தனையோ பக்கம் படித்து நான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடத்துக்கு அந்தம்மா ஒரு விரலை வைத்து வந்துவிட்டார்.

“அந்த சாருக்கு வீட்டுக்காரர் என்ன கொடுத்தாரு?” என்று கேட்டார்.

“டீ கொடுத்திருப்பார். அதுக்கு மேல ஒண்ணுமில்லம்மா. அவர் அப்படிப்பட்டவர் இல்ல.”

“நீங்களும் அதே ஆபீஸ்தானே” என்று சொல்லிவிட்டு நகலை மடித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம்தான் பாம்புக்காதுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். எலக்ட்ரானிக் தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அது ‘கீ கீ’ என்று கத்தி அடங்கியது. திரும்பிவந்து பார்த்தால் மனுஷன் இன்னும் வாயில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க. கத்தி எவ்வளவு நேரமாச்சு?”

“எங்க கத்துச்சு? இன்னும் கத்தல.”

“நான் அடுப்படியிலேர்ந்து கேட்டேன். உங்க வாயிலதான் இருக்கு, உங்களுக்குக் கேக்கலையா?”

“உனக்குப் பிரமை.”

“ஏங்க, அந்த முத்திரைய ஆபீஸ்லயே பூட்டிட்டு வாங்க. வீட்ல குத்தாதீங்க.” மறுபடி வாயில் வைத்தார். கத்தியது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “எத்தனை நாளா இப்படி?” என்று மனைவி கேட்டார். மெல்லிய சத்தங்கள் மட்டும் போயிருக்கலாம், முரட்டுச் சத்தம் விழும், பயப்பட ஒன்றுமில்லை, காதைப் பரிசோதித்துவிடலாம் என்று நர்ஸாகவும் சொன்னார். அவர் நம்பவில்லை. அன்றைக்கு அவர் சந்தேகப்பட்டது தன் காதை அல்ல, மனைவியை. களப்பணியை விட்டுவிட்டு மேசை வேலைக்குப் போகச் சொல்லி மனைவி பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் விட்டதும் தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பதிவேட்டு அறையின் கதவைச் சாத்தினார்.

“வாயத் திறங்க.”

“எதுக்குண்ணே?”

“திறங்கன்னா. இது கத்துனா விரலைத் தூக்கணும். பேசக் கூடாது.”

மூன்று முறை வைத்தார். மூன்று முறையும் கத்தியது, மூன்று முறையும் விரலைத் தூக்கினேன். அவர் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

“ஒவ்வொரு தடவையும் சரியா ஒரு நிமிஷம் ஆகுது” என்றார்.

“ஆமாண்ணே, அது அப்படித்தான் கத்தும்.”

“நீங்க மனசுக்குள்ள அறுபது எண்ணிட்டுத் தூக்கியிருக்கலாம்.”

“நான் எதுக்குண்ணே எண்ணணும்?”

“வீட்ல போன் பண்ணிச் சொல்லியிருப்பா.”

டீக்காரரைக் கூப்பிட்டு அவர் வாயிலும் வைத்தார். டீக்காரரும் விரலைத் தூக்கினார். “ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க” என்றார் பாம்புக்காது. டீக்காரர் தெர்மாமீட்டரைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, “காய்ச்சல் இருக்கா சார், இல்ல பிரமையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்ட பாம்புக்காது, “முத்திரை போட்ட படிவம் எல்லாத்தையும் எடுங்க” என்றார். ஒன்பது வருடப் படிவங்கள். தரையில் உட்கார்ந்து வருடவாரியாக அடுக்கினோம். முதல் ஆறு வருடங்களின் கட்டுகள் விரல் தடிமன். கடைசி மூன்று வருடக் கட்டுகள் ஒவ்வொன்றும் செங்கல் உயரம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று அறுபது அந்த மூன்று வருடத்தில் விழுந்தவை. வருடத்துக்கு வருடம் ஜனங்களுக்குப் பிரமை கூடுகிறது என்று அவர் சொல்லிவந்ததற்கு அத்தாட்சி கண்முன் இருந்தது. அதையே வேறுபக்கமிருந்து பார்த்தால் என்னவாகத் தெரியும் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. தையல்காரம்மாவின் மூன்று படிவங்கள் மேலாக இருந்தன. அவற்றை எடுத்துப் பார்த்தார். வைத்தார். போய்விட்டார்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்றார். கையில் கம்பி, தோளில் வால்வு திருப்பும் சாவி. விடுமுறை நாளில் அந்தச் சாவியை வெளியே எடுப்பதே விதிக்குப் புறம்பு. அங்கே நடந்ததைப் பின்னால் அந்தம்மாதான் எனக்குச் சொன்னார்.

“இன்னைக்கு என்ன சார், நாலாவது முத்திரையா?”

“படிவம் கொண்டுவரலம்மா. அந்த ஸ்கேலைக் கொடு.”

மண்டிபோட்டார். கடித்தார். பிறகு, யாருக்கும் தெரியாமல் தப்புச் செய்கிறவர் போல, தன் கம்பியையே எடுத்துக் கூர்முனையைத் தரையில் ஊன்றினார். கிண்ணத்தில் காதை வைத்தார். பிறகு அந்த மரக்கிண்ணத்தைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பல்லில் கடித்தார்.

“கேக்குதா சார்?”

“ஏதோ கேக்குது. எனக்குள்ளயா, தரைக்குள்ளயான்னு தெரியல.”

கொஞ்ச நாளாகக் காதுக்குள் ஓர் இரைச்சல் இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னார். அதையும் வீட்டில் சொல்லாமல், தான் மூன்று முறை முத்திரை குத்திய பெண்ணிடம் சொன்னார். அந்தம்மா இரக்கப்படவில்லை. இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றே நினைத்தாராம். “இரைச்சல் எனக்குன்னா பிரமை, உங்களுக்குன்னா வியாதியா?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் எழுந்தார். “நான் தெருமுனைக்குப் போறேன். நீ ஸ்கேலைக் கடிச்சுக்கிட்டு இங்கயே இரு. சத்தம் நின்னா மணியப் பாத்துத் துணியில எழுது. திரும்ப வந்தா அதையும் எழுது. வேற எதையும் எழுதாத.”

“நிக்கிற சத்தம் இல்ல சார் அது. மூணு மாசமா நிக்கல.”

“நிக்கலைன்னா ஒண்ணும் எழுதாத.”

தெருவின் பிரதான வால்வு வளைவுக்கு அப்பால் இருந்தது, வீட்டிலிருந்து தெரியாது. அவர் எப்போது மூடினார், எப்போது திறந்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் மாதிரி நிமிடக் கணக்கில் எண்ணிவிடக் கூடாது என்று இடைவெளிகளைக் கோணல்மாணலாக வைத்துக்கொண்டார். நடுவில் ஏதோ ஒரு மாடியிலிருந்து, “யாருய்யா அது, தலையில சோப்போட நிக்கிறேன்” என்று ஒருவர் கத்தினார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தார். கறுப்புத் துணியில் தையல் சாக்கட்டியால் எழுதிய ஆறு எண்கள் இருந்தன. தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த ஆறு எண்களோடு ஒப்பிட்டார். ஆறும் ஒரே ஒரு நிமிடம் தள்ளி இருந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒரு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு எண்ணாக மறுபடி பார்த்தார். வேறு விளக்கம் ஏதாவது இருக்கிறதா, யாராவது பேசி வைத்திருக்க முடியுமா என்று தேடியிருப்பார். பேசி வைக்க யாருமில்லை. நேரம் அவர் கையில் மட்டும் இருந்தது.

“அந்தத் துணிய வெட்டிடாதம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை இன்ஜினியரிடம் தோண்டும் உத்தரவு வாங்கினார். செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். சமையலறைச் சுவரின் அடிவாரத்தை ஒட்டி நாலடி ஆழத்தில் குழாய் வெடித்திருந்தது. சுவருக்கு அடியில் ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குப் பொந்து. குழிக்குள் நின்ற தொழிலாளி மேலே பார்த்து, “இது நேத்து முந்தாநாள் தண்ணி இல்ல. மாசக்கணக்குல அரிச்சிருக்கு” என்றார். இன்னும் ஒரு மழைக்குச் சுவர் நின்றிருக்காது. வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

குழிக்குள் இன்னொன்றும் இருந்தது. அந்தத் தெரு முழுக்க இரும்புக் குழாய் என்பது எங்கள் பதிவேட்டுக் கணக்கு. ஆனால் வெடித்த இடத்துக்கும் வாசல் வால்வுக்கும் நடுவில் ஆறடிக்குப் பிளாஸ்டிக் குழாயை வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். எப்போது, யார் என்று எந்தப் பதிவும் இல்லை. பிளாஸ்டிக் சத்தத்தை அமுக்கிவிடும். இரும்பில் ஓடிவருகிற இரைச்சல் அங்கே வந்ததும் செத்துப்போகும். வால்வில் கம்பியை ஊன்றி நின்றால் யார் காதிலும் ஒன்றும் விழாது என்று எங்கள் அலுவலகத்தில் டீக்காரருக்குக்கூடத் தெரியும். கடந்த மூன்று வருடங்களில் இப்படி எத்தனை தெருவில் ஒட்டுப் போட்டார்களோ, அதுவும் பதிவில் இல்லை.

“அண்ணே, இதுதான் உங்களுக்குச் சாட்சி” என்றேன், வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டைக் காட்டி.

“ம்” என்றார். துண்டைத் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அறிக்கையோடு இணைக்கத்தான் எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டார். பதிவேட்டுடன் நானும் நின்றேன்.

“கசிவு போன வாரம்தான் ஆரம்பிச்சுதுன்னு எழுதிடுங்க. குழாய் என்னைக்கு வேணா வெடிக்கலாம். பழைய மூணு முத்திரையும் அப்படியே நிக்கும். யாருக்கும் வம்பில்ல.”

“நாளைக்கு அந்தம்மாவுக்கு விசாரணை சார்.”

“அது வீட்டுத் தகராறு. நம்ம இலாகா இல்ல.”

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். மூன்று மாதமும் அந்தம்மா இல்லாத சத்தத்தைக் கேட்டதாகவே இருக்கும். அந்த நீல எழுத்து அவரைப் பன்னிரண்டு வருட அறையிலிருந்து வெளியே தள்ளும், மனநிலை சரியில்லாதவர் என்ற பெயரோடு. ‘கசிவு முதலிலிருந்தே இருந்தது, பிளாஸ்டிக் ஒட்டு மறைத்துவிட்டது’ என்று எழுதினால் அந்தம்மாவும் தப்புவார், பாம்புக்காதும் தப்புவார். பதிவில்லாத ஒட்டுக்கு இன்ஜினியர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இன்ஜினியரும் அதை யோசித்திருந்தார். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பாம்புக்காதுக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஒரே தாள். அவருடைய சாய்வான கையெழுத்து:

‘மூன்று ஆய்வின்போதும் கசிவு இருந்திருக்கிறது. ஆய்வாளரின் காதுக்குக் கேட்கவில்லை. புகார் கொடுத்தவருக்குக் கேட்டது சரி. முத்திரைகள் ரத்து.’

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது. பிளாஸ்டிக் குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. இணைப்பு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை அந்த ஒரு தாளை வைத்தே வீட்டுக்காரரின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். தையல்காரம்மா அறையிலேயே இருக்கிறார். சுவரை வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்தார்.

அறிக்கையில் தன் காது கேட்கவில்லை என்று எழுதிய கசிவு ஆய்வாளரைக் களத்தில் வைத்திருக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது. பத்து நாளில் அவரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மெல்லிய சத்தங்கள் போயிருந்தன. முரட்டுச் சத்தம் விழுகிறது என்று சான்றிதழில் இருந்தது. தண்ணீர் இரைச்சல் எந்த வகை என்று யாரும் அதில் எழுதவில்லை. கம்பியையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டு மீட்டர் கிடங்குக்குப் போனார். மீதி நானூற்று ஒன்பது படிவங்களை மறுபடி ஆராய வேண்டும் என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். அது இன்ஜினியர் மேசையில் எங்கோ இருக்கிறது.

அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம்தான். மூன்று மாதம் ஒரு பெண்ணின் சொல்லை மிதித்துவிட்டு, நாலாவது மாதம் காலை எடுத்தார். அதைப் புகழலாமா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் துண்டு என்னை உறங்கவிடாத நாட்கள் உண்டு. இன்ஜினியரைக் காப்பாற்ற அவருக்கு ஒரு காரணமும் இல்லை. “ஏதோ பெரிசா மறைக்கத்தான் அப்படி எழுதியிருக்காரு. நீங்க எல்லாரும் ஒண்ணுதான்” என்றார் தையல்காரம்மா, அறை கிடைத்த பிறகும். பாம்புக்காதின் மனைவி சொன்னது வேறு: “பிளாஸ்டிக்னு எழுதியிருந்தா, காதுல குறையில்லைன்னு நானே நம்பியிருப்பேன். அவரும் நம்பியிருப்பாரு.”

ஒரு வருடம் கழித்துக் கிடங்குக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். பழைய மீட்டர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மேசை மேல் அந்தப் பிளாஸ்டிக் துண்டு செங்குத்தாக நின்றது. உள்ளே இரண்டு பேனா, ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

“அண்ணே, இத ஏன் அறிக்கையில எழுதல?” என்று கேட்டேன்.

“என்ன?” என்று தலையைச் சாய்த்து, ஒரு காதை என் பக்கம் திருப்பினார்.

இன்னும் உரக்கச் சொன்னேன். பக்கத்து அறையில் இருந்த இருவர் எட்டிப் பார்த்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும், “என்ன?” என்றார்.

முதல் தடவையே அவர் காதில் விழுந்திருக்கும் என்றுதான் இன்றுவரை சந்தேகப்படுகிறேன். மூன்றாம் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் துண்டிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, கையிலிருந்த மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பேனாவைத் திரும்ப அதே துண்டில் போட்டார்.